புதரில் உறையும் வடதிசைப் பயணி

வலசை போகும் புள் என்றவுடன், சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்குத் தூது விடுத்த நாரையே தமிழ் மாணாக்கர் நினைவில் எழும். எரேமியா தீர்க்கதரிசியும் தன் காலத்தை அறியும் பறவைகளுள் நாரையைக் குறித்தார். பன்னிரண்டு கிராம் எடைதானும் நிரம்பாத கதிர்க்குருவியைப் பாடினார் யார்?

நம் கல்லூரி விளையாட்டு வெளியை அடுத்த முட்புதரருகே பங்குனி விடியலில் சற்றே அசையாது நின்றால், "சக், சக்" என்னும் ஒலி கேட்கும். ஒலியைக் கேட்டல் எளிது. உருவைக் காண்டற்கோ மிக்க பொறுமை வேண்டும். மங்கிய பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, கண்ணருகே மெல்லிய வெண்கோடு, இவ்வளவே அடையாளம். இதுவே பிளைத் நாணற் கதிர்க்குருவி. கல்கத்தா ஆசியக் கழகப் பொருட்காட்சிசாலைக் காப்பாளராயிருந்த எட்வர்டு பிளைத் 1849-இல் இதனை விவரித்து, புதர்களுக்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார்.

மழைக்காலத்திற்கு முன் வந்து சித்திரையில் பிரியும் இக்குருவியினம் கூடு கட்டுவது, பின்லாந்து முதல் சைபீரியா வரை பரந்த நாடுகளில். அங்கே இரவெல்லாம் பிற புட்களின் குரலையும் கலந்து பாடும். நமக்குக் கிடைப்பது அதன் அதட்டல் மட்டுமே!

புறப்படுமுன் பூச்சிகளை மிகுதியாய் உண்டு உடலிற் கொழுப்பைச் சேர்த்தாலன்றி அத்துணைத் தொலைவு பறத்தல் இயலாது. அப்பூச்சிகள் இம்முட்புதரிலேயே உள. சென்ற பங்குனியில் துப்புரவு கருதிப் புதரிற் பாதி வெட்டப்பட்டது; இவ்வாண்டு யான் கேட்டது ஒரேயொரு குரல். எஞ்சிய பாதியையும் வெட்டத்தான் வேண்டுமெனின், வைகாசி பிறக்கும்வரை பொறுத்தருள்க.