புது டயர் முன்னாலா, பின்னாலா?

ஓசூரில் கார் வைத்திருக்கும் பலருக்கு டயர் பாடம் எடுத்தது லாரிதான். 1980இல் அசோக் லேலண்ட் ஆலை இங்கே வந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இரவு பகலாகச் சரக்கு வண்டிகள் நுழைந்து வெளியேறும் ஊர் இது. லாரிக்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. புது டயர் முன்னால், தேய்ந்தது பின்னால். ரீட்ரேட் செய்த டயர் முன்பக்கம் வரவே கூடாது. லாரிக்கு அது நூற்றுக்கு நூறு சரி. முன்னால் பக்கத்துக்கு ஒரே டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பின்னால் இரட்டை டயர் என்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று கொஞ்ச தூரம் தாங்கும். இந்தச் சட்டத்தை அப்படியே காருக்கும் கொண்டுவந்ததில்தான் வம்பு.

முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. புதிதாக இரண்டு வாங்குகிறோம். "முன்னாடியே போட்டுடுங்க" என்கிறோம். மிஷ்லின் உள்ளிட்ட டயர் நிறுவனங்கள் சொல்வதோ நேர் எதிர்: இரண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் புது ஜோடியைப் பின்னால் மாட்டுங்கள். மழைத் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வால் பக்கம் வீசி, கார் சுழன்றே விடும். அதைக் கட்டுப்படுத்தும் பயிற்சி நம்மில் யாருக்கும் கிடையாது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி போவதற்குள் சில நூறு மீட்டர் இறங்கிவிடுகிறோம். பொங்கலுக்குத் தெற்கே போகிறவர்களுக்கு அதற்கு அப்புறம் தொப்பூர் இறக்கம் வேறு. மழை நாளில் அங்கே பின் டயரில் பட்டன், அதாவது தரையைப் பற்றும் மேடு, இல்லாமல் போவது வீண் துணிச்சல்.

முன்னாலா பின்னாலா என்ற கேள்வியே வராமல் செய்ய ஒரு வழி உண்டு. டயர்களை உரிய நேரத்தில் இடம் மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், நான்கையும் ஒன்றாக மாற்றலாம். கார் பராமரிப்பில் இவ்வளவு மலிவான வேலை வேறில்லை. அலைன்மென்டுக்குப் போகும்போது கேட்டால் பல கடைகளில் அதோடு சேர்த்தே செய்துவிடுவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இன்று ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுபடுபவை. எஞ்சின் எடை முன்னால், திருப்புவது முன்னால், பிரேக் பிடித்தால் பாரம் வந்து விழுவதும் முன்னால். ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய் வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று நகர்ந்து நின்று, நின்று நகர்ந்து, ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். ஒவ்வொரு பிரேக்கும் முன் டயரிலிருந்து கொஞ்சம் சுரண்டிக்கொள்ளும். மாதத்துக்கு 1,100 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் 10,000 தொட்டுவிடும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப்போடுவது பொது வழக்கம். உங்கள் காரின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே செல்லும்.

எதை எங்கே மாட்டுவது? வண்டியை ஓட்டும் சக்கரம் நேராகப் போகும், மற்றது குறுக்கே வரும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். முன் சக்கரம் இழுக்கும் ஸ்விஃப்ட் போன்ற காரில் முன் டயர்கள் அதே பக்கம் பின்னால் போகும்; பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னால் வரும். பின் சக்கரம் தள்ளும் பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, நம்மூரிலேயே தயாராகும் தோஸ்த் போன்றவற்றில் பின் டயர்கள் நேராக முன்னால் வரும். முன் டயர்கள் குறுக்கே பின்னால் போகும். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டி மட்டும் விதிவிலக்கு: அதில் நான்குமே குறுக்கே. ரேடியல் டயரைப் பக்கம் மாற்றக்கூடாது என்று சில பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். ரேடியல் வந்த புதிதில் இருந்த எச்சரிக்கை அது. இன்றைய டயருக்கு அது பொருந்தாது. ஆனால் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஒரே திசையில் சுழல வேண்டிய டயர். அதை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத்தான் மாற்றலாம். பைக்கில் இந்தப் பேச்சே வேண்டாம்: முன் டயர் வேறு, பின் டயர் வேறு.

கழற்றிய டயரை உடனே மாட்ட விடாதீர்கள். ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது. பிறகு உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்துக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பு என்றால், சக்கரங்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும். இதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் இடம் மாற்றினால், இரண்டு டயரில் இருந்த நோயை நான்குக்கும் பரப்பியதாக ஆகும். ஆகவே முதலில் மாற்றிப்போடுவது, பிறகு பேலன்சிங், கடைசியில் அலைன்மென்ட். அலைன்மென்டை முதலில் முடித்துவிட்டு டயரைக் கழற்றும் கடையில் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நட்டில்தான் அவசரம் அதிகம் நடக்கும். ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று நான்கையும் வரிசையாக இறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கிவிடுகிறார்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டி தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். பெரும்பாலான சிறு கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு போதும். கன் வைத்து அளவுக்கு மேல் இறுக்கியதை நடுரோட்டில் பஞ்சரானபோது காரில் இருக்கும் ஸ்பேனரால் கழற்றிப் பாருங்கள், தெரியும். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது. காற்றையும் புது இடத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு போட்டிருக்கலாம்.

மாற்றிப்போட்ட முதல் சில நாள் முன்னாலிருந்து 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். பின்னால் ஓடியபோது ஏறிய மேடு பள்ளம் தேய்ந்து சமமாகும்வரை அது இருக்கும்.

ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்க்கலாமா? மற்ற நான்கும் இருக்கும் அதே அளவு, அதே வகை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பல கார்களில் இப்போது சின்ன ஸ்டெப்னிதான் தருகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே ஒட்டியிருக்கும். அது கடை வரை போய்ச் சேர மட்டும். டிக்கியில் சும்மா கிடந்தாலும் டயருக்கு வயதாகும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

எத்தனை முறை இடம் மாற்றினாலும் டயருக்கு ஒரு முடிவு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழமாவது வேண்டும் என்கின்றன. பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த டயர் போதும். அதுவரை காத்திராமல், அடுத்த முறை கடைக்குப் போகும்போது டயர் மாற்றிப்போட்ட கிலோமீட்டரைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு டயரையும் ஒருசேர மாற்றும் நாள் வந்தால், எது முன்னால் எது பின்னால் என்று கடைக்காரரோடு வாதாட வேண்டியிருக்காது.