பையன்களுக்கும் இந்த ஊசி வேண்டுமா?



கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பையன்களுக்கும் போடலாமா என்று மேல்பட்டாம்பாக்கம் பகுதிப் பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். போடலாம். இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸ் ஆண்களையும் தொற்றும். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகியவற்றில் புற்றுநோயை வருவிக்கும். பின்னாளில் அவர்கள் மூலம் மனைவிக்கும் பரவலாம். ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் இதைப் போடுகிறது.

ஆனால் செலவையும் பார்க்கவேண்டும். நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 2023-இல் வந்தபோது ஓர் ஊசி சுமார் 2,000 ரூபாய். 9 முதல் 14 வயதினருக்கு இரண்டு ஊசி. இந்தியாவில் ஆண்டுதோறும் 1,20,000-க்கும் அதிகமான பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது. ஆகவே அதே பணத்தைப் பெண் பிள்ளைகளுக்குச் செலவிட்டால் அதிக உயிர்கள் காப்பாற்றப்படும். பெரும்பாலான பெண்கள் போட்டுக்கொண்டால் வைரஸ் பரவுவதும் குறையும். பையன்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டாகும். தமிழக அரசும் 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கே 36 கோடி ரூபாய் அறிவித்தது.

வசதியுள்ள பெற்றோர் மகனுக்கும் போடுங்கள். உங்கள் காணிக்கையோ, அரசுத் திட்டம் எட்டாத ஏழைப் பெண் பிள்ளைகளுக்கு முதலில் போய்ச் சேருவதே நியாயம் என்று எண்ணுகிறோம். எங்களைத் தொடர்ந்து ஜெபத்தில் தாங்குங்கள்.