வெள்ளைக் குடையின் கீழே…

முப்பத்தைந்து வயதில், கை நிறையச் சம்பாதிக்கும் கணவர் பாங்கித் தொழிலை உதறிவிட்டு, "இனிமேல் சித்திரம் எழுதப் போகிறேன்" என்று வந்து நின்றால், நம் வீடுகளில் அன்று அடுப்பு எரிவது சந்தேகந்தான்!

ஹாலந்து தேசத்தில் ஹெண்ட்ரிக் மெஸ்டாக் 1866-ல் அப்படித்தான் செய்தார். மனைவி சீன்ட்யே அம்மாள் தடுக்கவில்லை. அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற சொத்துதான் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. கடலை எழுத வேண்டுமென்றே 1869-ல் ஹேக் நகரில் குடியேறினார்கள். மறு வருஷமே மெஸ்டாக்கின் அலைகளுக்குப் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம்!

ஆனால் 1871-ல் அவர்களுடைய ஒரே பிள்ளை இறந்து போனான். அந்தத் துக்கத்துக்குப் பிறகு தாயார் தூரிகையையே துணையாகக் கொண்டார்.

1881-ல் தம்பதிகளும் சில நண்பர்களும் சேர்ந்து, ஸ்கேவனிங்கன் கடற்கரை முழுவதையும் ஒரு வட்ட மண்டபத்துக்குள் எழுதி முடித்தார்கள். உயரம் சுமார் 14 மீட்டர். சுற்றளவு சுமார் 120 மீட்டர்! அதை நடத்திய கம்பெனி 1886-ல் நொடித்துப் போயிற்று. மெஸ்டாக் தம் கைப்பணத்தைப் போட்டு மண்டபத்தை வாங்கிக் காப்பாற்றினார்.

1887-ல் வீட்டை ஒட்டி ஒரு சித்திரசாலையும் கட்டினார்கள். கோரோ, மில்லே முதலியோரின் படங்களை ஆசையாகச் சேர்த்து, 1903-ல் அத்தனையையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அம்மாள் 1909-லும், அவர் 1915-லும் காலமானார்கள். மண்டபம் மட்டும் இன்றும் இருக்கிறது. நடுவிலுள்ள மணல்மேட்டில் நின்று பாருங்கள். கரையில் ஒரு வெள்ளைக் குடையின் கீழே ஒரு பெண்மணி உட்கார்ந்து சித்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் சீன்ட்யே அம்மாள்!