மடக்குக் கத்தி நெம்புகோலாகுமா?

நூற் சிப்பமோ விதைப் பெட்டியோ சங்கத்துக்கு வந்து இறங்கியதும், அதைத் திறப்பதற்கு நம்மில் பலர் முதலில் எடுப்பது மடியிலுள்ள மடக்குக் கத்தியைத்தான். சணற் கயிற்றை அறுப்பதோடு நிறுத்திக்கொண்டால் குற்றமில்லை. பலகைகளின் இடுக்கில் நுனியைச் செருகி, கைப்பிடியைப் பக்கவாட்டில் அழுத்தி ஆணியைக் கிளப்ப முயல்கிறோமே, அங்கேதான் கேள்வி எழுகிறது. "இது சாதாரணக் கத்தியன்று, கடின வேலைக்கென்றே செய்த தடித்த கத்தி, எதையும் தாங்கும்" என்று விற்பவர் சொல்வதுண்டு. அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தடிப்பு பலம் தருவது உண்மையே. ஒரே அகலமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளில் ஒன்று 2 மில்லிமீட்டரும் மற்றது 4 மில்லிமீட்டரும் தடித்திருந்தால், வளைக்கும் விசையைத் தாங்குவதில் தடித்தது நான்கு மடங்கு வலியது. ஆனால் கத்தியின் தடிப்பை எங்கே அளக்கிறார்கள்? முதுகில், கைப்பிடிக்கு அருகில். நுனியை நோக்கிச் செல்லச் செல்ல அலகு மெலிகிறது. மெலியாவிட்டால் அது கத்தியாகவே இராது. நுனியருகே தடிப்பு 1 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால், அகலம் சமமென்று கொண்டாலும் அங்கே வலிமை பதினாறில் ஒரு பங்குதான். நாம் இடுக்கில் செருகுவதோ அந்த நுனியை!

எஃகின் பதமும் இவ்வேலைக்கு ஏற்றதன்று. கூர் நெடுநாள் நிற்கவேண்டும் என்பதற்காகக் கத்தி எஃகைக் கடினமாக்குகிறார்கள். ராக்வெல் அளவையில் பெரும்பாலான மடக்குக் கத்திகள் 56 முதல் 62 வரை நிற்கும். கடினம் ஏறினால் வளைந்து கொடுக்கும் குணம் குறைவது எஃகின் இயல்பு. கடப்பாரைக்குக் கூர் முக்கியமன்று. ஆகவே அதை அவ்வளவு கடினமாக்காமல் முறியாத பதத்தில் விடுகிறார்கள். பாரம் மிஞ்சினால் கடப்பாரை வளையும். கத்தியின் நுனியோ எச்சரிக்கையின்றித் தெறிக்கும். தெறிக்கும் துண்டு கண்ணை நோக்கியும் வரலாம்.

இவை எல்லாக் கத்திக்கும் பொது. மடக்குக் கத்திக்கோ வேறொரு பலவீனமும் உண்டு. அலகும் பிடியும் சந்திக்குமிடத்தில் ஓர் அச்சாணிதான் இருக்கிறது. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, பிடியின் கோடியில் 10 கிலோ எடையளவுக்குப் பக்கவாட்டில் அழுத்துவதாகக் கொள்வோம். அந்தத் திருகலைத் தாங்கும் இடம் 1 சென்டிமீட்டர் அகலமே இருந்தால், அங்கே விழும் விசை 100 கிலோவுக்குச் சமம். நெம்புகோலின் விதி பெட்டிக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று என்று இராது.

"பூட்டு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். பிரான்சு நாட்டின் சவாய்ப் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்த மரப்பிடிக் கத்திக்கு, 1955-இல் சுழலும் வளையம் ஒன்று பூட்டாகச் சேர்ந்தது. அலகு விரல்மேல் மடங்காமல் தடுப்பதே அதன் தொழில். பின்னர் வந்த விதவிதமான பூட்டுகளின் முதல் நோக்கமும் அதுவே. பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்கென அவை அமைந்தவையல்ல. நெம்பும்போது பிடியின் சட்டமே முறுக்கிக்கொண்டால் பூட்டு நழுவக்கூடும். அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்களை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது எத்தகைய நஷ்டம் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

மொட்டு ஒட்டுக் கட்டும் விவசாய அன்பர்கள் தம் கத்தியைச் சற்று உற்று நோக்கட்டும். இளம் பட்டையை நெகிழ்த்துவதற்கென்று பல கத்திகளில் மழுங்கிய நாக்கு ஒன்று தனியே உண்டு. பட்டைக்கே கூரலகை ஏவாதபோது ஆணிக்கு ஏவுவானேன்? சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளில் பெரியவை சிலவற்றில், பெட்டி திறப்பதற்கும் உதவும் தடித்த திருப்புளி தனியாகவே உண்டு. நெம்ப வேண்டுமாயின் அத்தகைய அலகைக் கொண்டே அளவோடு நெம்பலாம். அட்டைப் பெட்டியின் ஒட்டைக் கிளப்புவது போன்ற மெல்லிய வேலையைக் கத்தியால் செய்வதை நாம் தடுக்கவில்லை.

மரப்பெட்டிக்கு ஆணி பிடுங்கும் சிறு கடப்பாரை ஒன்று சங்கக் கிடங்கில், எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்கட்டும். பூட்டி வைத்தால் மறுபடியும் கத்திதான் வெளியே வரும். சிப்பத்தின் இரும்புப் பட்டையை நெம்பவே கூடாது. தகரம் வெட்டும் கத்தரியால், அது துள்ளும் வழியிலிருந்து ஒதுங்கி நின்று வெட்டவேண்டும்.

இதுவரை நெம்பிப் பழகிய கத்தி கையிலிருந்தால், விரித்துப் பூட்டி, வெட்டும் வாய் படாமல் முதுகுப்புறமாகப் பிடித்து அலகை மெல்ல இருபுறமும் அசைத்துப் பாருங்கள். முன்பு இல்லாத ஆட்டம் தெரிந்தாலோ, பூட்டு முழுதும் இறங்காமல் நின்றாலோ, பழுது பார்க்கும்வரை கயிறு அறுப்பதற்கும் அதை எடுக்கவேண்டாம்.