கருவிலிருக்கும் சிசுவும் இசையும்

திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை அடுத்து, காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்து அமைந்தது வலியசாலை என்னும் தமிழ் அக்கிரகாரம். இத்தகைய தெருக்களில் சீமந்தத்தின்போது வீணை இசைத்தல் தொன்றுதொட்ட வழக்கம். ஆபஸ்தம்பர், ஆசுவலாயனர் ஆகியோரின் கிருஹ்ய சூத்திரங்களே வீணை வாசிப்போரைப் பாடச் செய்யுமாறு விதிக்கின்றன. அவ்விசை கருவிலுள்ள சிசுவுக்கு எட்டுமா? எட்டினால் யாது பயன்? இவற்றையே நாம் இங்கு ஆராய்வோம்.

சிசுவின் உட்செவி ஏறத்தாழ 20 வாரங்களில் உருப்பெறுகிறது. 25ஆவது வாரத்தை ஒட்டி ஒலி கேட்டு அசையத் தொடங்கும் சிசு, 30 வாரங்களுக்குள் நன்கு கேட்கும் நிலையை அடைகிறது. வெளியில் எழும் ஒலி தாயின் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் கடந்தாக வேண்டும். ஆதலின் உச்ச ஸ்தாயி மங்கும். மந்தர ஸ்தாயி எளிதில் புகும். தாயின் குரலோ அவள் உடல் வழியாகவே சென்று தெளிவாகச் சேர்கிறது.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அறிஞர்கள், கர்ப்பத்தின் இறுதி ஆறு வாரங்களில் தாய்மாரை ஒரே கதையை நாள்தோறும் உரக்கப் படிக்கச் செய்தனர். பிறந்த குழந்தைகள், கேளாத கதையைவிடக் கேட்ட கதையையே விரும்பின. 2013இல் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வோ, கருவில் கேட்ட மெட்டின் சுவடு நான்கு மாதம் வரை குழந்தையின் மூளையில் நிலைப்பதைக் காட்டியது.

எனினும் இசை கேட்ட சிசு மேதையாகப் பிறக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மோசார்ட்டின் இசையைப் பற்றி 1993இல் எழுந்த பேச்சுக்கு மூலமான சோதனை, கல்லூரி மாணவரிடம் நிகழ்ந்ததேயன்றிக் கர்ப்பிணிகளிடம் அன்று. இதனை நம்பிச் செவிப்பொறியை வயிற்றின்மேல் வைப்பது வீண். ஒலி மிகுந்தால் தீங்குமாகும்.

இந்நகரின் இசைவேந்தர் ஸ்வாதித் திருநாள் 1813இல் பிறந்தார். கருவிலேயே அரசுரிமை எய்தியமையால் கர்ப்ப ஸ்ரீமான் எனப்பெற்றார். அவரைத் தாலாட்ட இரயிம்மன் தம்பி இயற்றிய ‘ஓமனத் திங்கள் கிடாவோ’ இன்றும் மலையாள நாட்டுத் தாய்மாரின் நாவில் திகழ்கிறது. அரசகுமாரனுக்கென எழுந்த பாடல் எளிய இல்லத்துத் தொட்டிலையும் அடைந்தது. அதனைப் பாடுவதற்குக் குரலே போதும்.

மேற்கூறிய சூத்திரங்கள் சீமந்தத்தை நான்காம் மாதத்திற்கு விதித்தன என்பது கருதத்தக்கது. அப்பொழுது சிசுவுக்குக் கேள்வி இல்லை. ஆகவே அவ்வீணையைக் கேட்டவள் தாயே. 2008இல் வெளியான தைவான் நாட்டு ஆய்வில், 236 கர்ப்பிணிகளுள் இரு வாரம் நாள்தோறும் இசை கேட்டவர்களிடம் கவலையும் மனச்சோர்வும் குறையக் கண்டனர்.

ஆகவே கர்ப்பிணி தனக்கு உவப்பானதை மெல்லிய ஒலியில் கேட்கலாம். தானே பாடுவது இன்னும் நன்று. சுருதி சிறிது விலகினும் குழந்தைக்கு அது பழகிய குரலே. கவலை நீங்காது வருத்துமாயின் பாட்டோடு நில்லாமல் மருத்துவரையும் நாட வேண்டும். வீட்டிலுள்ள ஏனையோர் அவளுக்குப் பாட ஓய்வும் அமைதியும் அளிப்பாராக.