பெருந்தச்சனுக்குப் பேரரசன் அளித்த கௌரவம்

கல்லே விளையாத காவிரி வண்டல் பூமியில், நெல் வயல்கள் சூழ்ந்த தஞ்சையில், ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள கருங்கல் விமானமுடைய கோயிலை எழுப்புவித்து 1010-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்வித்த இராஜராஜ சோழன், பெருந்தானங்கள் அளித்தோரின் பெயர்களைப் பொறிக்கச் செய்த அக்கோயிற் கல்வெட்டுகளிலேயே, குஞ்சரமல்லன் என்னும் சிற்பாசாரியனின் பெயரையும் ‘இராஜராஜப் பெருந்தச்சன்’ என்ற பட்டத்தோடு நிலைபெறச் செய்தான். மன்னன் தன் திருநாமத்தையே ஒரு தச்சனுக்குச் சூட்டியதினும் மேலான சன்மானம் வேறு யாது? கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை நிர்மாணித்த கணபதி ஸ்தபதிக்கு இந்திய அரசு 2009-இல் பத்மபூஷண் விருது வழங்கியதும் இவ்வுயர்ந்த மரபின் தொடர்ச்சியே எனலாம். ஆதலின், புதிய கட்டடங்களில் திறந்துவைத்தவர் பெயரோடு, அவற்றை வகுத்தவர் பெயரையும் கல்லில் பொறிப்பது நம் கடமையாகும்.