பொன்மழைக்கு மறுநாள்

இல்பொருள் உவமையணியைப் படிப்பிப்பது எளிது. உலகத்தில் இல்லாத பொருளொன்றை உள்ளதுபோலக் கற்பித்து, அதனோடு ஒப்பிட்டுரைத்தல் என்றால் வரைவிலக்கணம் முடிந்தது. எடுத்துக்காட்டுக்கு ஒரு பொன்மழை. ஒரு கொம்பு முளைத்த குதிரை. இந்த மழையையும் குதிரையையும் கொண்டே முப்பது ஆண்டுக்காலம் ஒப்பேற்றி வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் பொன்மழை பொழிந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசை மாணவர் ஒருவர் மேசைக்குக் கீழே வேறொரு நூலில் ஆழ்ந்திருந்தார்.

"தம்பி, உதென்ன புத்தகம்? இங்கே கொண்டு வாரும்."

"கதைப் புத்தகம் ஐயா. நகரங்களுக்குச் சில்லுப் பூட்டி ஓட்டுகிற கதை."

"உலகத்தில் இல்லாத பொருளைப் படித்து என்ன காணப் போகிறீர்?"

"அதைத்தானே ஐயா நீங்களும் இப்ப படிப்பிக்கிறீங்கள்?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூலை வாங்கிக் கைப்பையுள் வைத்தேன்; "போய் இரும்" என்றேன். கேள்விக்கு விடை சொல்லவில்லை. அன்றுதொட்டு அம் மாணவர் என் வகுப்பில் வாய் திறந்ததில்லை. நோக்கினால் நோக்குவார், கேட்டால் எழுந்து நிற்பார், அவ்வளவே. கேள்வி கேட்கும் ஒருவரை ஊமையாக்கிவிட்டோம் என்ற எண்ணம் ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு நல்ல உறக்கத்தைத் தருவதன்று.

நாலு மாதம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடையிலே செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியார் ஆலயத்துக்குச் செல்வாரும் மீள்வாருமாய்த் தெருக் கொள்ளாது. வெளியே புறப்பட மனமின்றி வீட்டிலிருந்தேன். அலமாரியைத் திறந்தபோது அந்த நூல் அகப்பட்டது. பிலிப் ரீவ் என்னும் ஆங்கிலேயர் 2001 முதல் 2006 வரை நாலு பாகமாக வெளியிட்ட கதையின் இரண்டாம் பாகம் அது. முதற்பாகத்தின் பெயர் 'மோர்ட்டல் எஞ்ஜின்ஸ்'. அந்தத் தொடர் சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் வருவது. எந்த மொழியிலாயினும், பழையதைத் தொட்டுக்கொண்டு புதியது செய்பவனிடத்தில் எனக்கு ஒரு பட்சம் உண்டு. என் ஆங்கிலம் அகராதியைக் கைத்தடியாக ஊன்றி நடப்பது. ஆயினும் நடந்தேன். இரண்டாம் பாகத்தை முடித்தபின்பு, முதற்பாகத்தை மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையொன்றிலே தேடி வாங்கினேன். முறை பிறழ்ந்த வாசிப்பென்று கூறலாம், கூறுவோர் கூறுக.

இத்தகைய கதைகளுக்கு இப்பொழுது பல பெயர்கள் வழங்குகின்றன. மாயமும் மந்திரமும் வருவன மாயக் கதைகள். விஞ்ஞான நியாயத்தைப் பற்றிச் செல்வன அறிவியற் புனைகதைகள். நீராவியும் பற்சக்கரமும் ஆகாயக் கப்பலும் ஆட்சிசெய்யும் கற்பனை உலகங்களைக் காட்டுவன 'ஸ்டீம்பங்க்'. இப்பெயரை 1987ஆம் ஆண்டிலே கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இட்டார். பெரும்பாலும் இவை ஒரு நூலோடு நிற்பதில்லை. மூன்று, நாலு, பத்து என்று தொடரும். பெயர்களைக் கண்டு பண்டிதர்கள் மருளவேண்டியதில்லை. புதிதாகப் புனைவதற்கு 'விருந்து' என்று பெயரிட்டு, வனப்பு எட்டினுள் அதற்கும் இடங்கொடுத்தவர் தொல்காப்பியர். நம்முடைய கேள்வி வேறு. இக்கதைகளுள் நல்லது எது, பதர் எது என்று எதனைக்கொண்டு துணிவது? விற்பனையைக்கொண்டா? பக்கங்களின் எண்ணிக்கையைக்கொண்டா?

மாணவர் விட்டெறிந்த கேள்வியிலிருந்தே தொடங்கலாம். பொன்மழை உலகத்தில் இல்லை. ஆனால் பொன் உண்டு; மழை உண்டு. இரண்டையும் கூட்டிய கூட்டம் இல்லை. அதுபோல நகரம் உண்டு, சில்லு உண்டு, சில்லுப் பூட்டிய நகரம் இல்லை. இல்பொருள் என்பதெல்லாம் உள்பொருள்களின் புதுக் கூட்டமே. இதுவரை உவமைக்கும் கதைக்கும் வேற்றுமையில்லை. வேற்றுமை மறுநாளிலே பிறக்கிறது. உவமையிலே பொன்மழை பொழிந்தால் பொழிந்ததுதான். மறுநாட் காலையிலே செட்டியார் தெருவில் பொன் என்ன விலைக்கு விற்றது என்று எவரும் கேட்பதில்லை. கதையிலே கேட்கவேண்டும். ஒரு பாகத்தோடு முடியும் கதையிலே மறுநாளைக் கேட்டாற் போதும். தொடர்ந்து செல்லும் கதையிலோ பத்தாம் ஆண்டையும் கேட்கவேண்டும். மழையிலே பொறுக்கிய பொன்னால் யார் கெட்டார், யார் பிழைத்தார் என்று சொல்லவேண்டும்.

ரீவ் கேட்டிருக்கிறார். நகரங்கள் ஓடினால் எதை உண்டு ஓடும்? சின்ன ஊரைப் பெரிய நகரம் விழுங்கி, அதன் இரும்பையும் எரிபொருளையும் மனிதரையும் பிரித்தெடுத்துத் தனக்கு இரையாக்கிக்கொள்கிறது. இலண்டன் மாநகரம் ஒரு சிறு சுரங்க ஊரைத் துரத்துவதோடு கதை தொடங்குகிறது. சரி, இரை குறைந்தால்? அந்தப் பஞ்சமும் முதற்பாகத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு பொய்யைச் சொன்னார். பின்பு அந்தப் பொய்க்கு உண்மையாக நடந்துகொண்டார்.

நம்மிடம் இவ்வகையான ஒழுங்கு இல்லையா? சிந்தாமணியில் மயிற்பொறி இருக்கிறது. சச்சந்தன் கம்மியனைக்கொண்டு செய்வித்தது. பொறியை வலமாகத் திருகினால் மேகத்தைக் கிழித்துப் பறக்கும். இடமாகத் திருகினால் காலைக் குவித்து நிலத்திலே இறங்கும். இதனைக் காட்டி, 'பண்டைத் தமிழர் விமானம் ஓட்டினர்' என்று மேடையிலே முழங்குவோர் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை, உடன்பாடும் இல்லை. ஓட்டினார்கள் என்றால் திருத்தக்கதேவர் வெறும் செய்தியாளராகிவிடுவார். அவர் புலவர். வலம் என்றும் இடம் என்றும் ஒரு விதியைச் செய்தார். செய்த விதியைக் கதையின் உயிர்நிலையிலே கொண்டுவந்து பொருத்தினார். நிறைமாதக் கருப்பிணியாகிய விசயை மயிலேறி வானத்தில் ஊர்கிறாள். கீழே கட்டியங்காரனின் வெற்றிமுரசு ஒலிக்கிறது. அம் முரசின் பொருள் கணவன் இறந்தான் என்பதே. அவள் மெய்ம்மறந்து சோர்கிறாள். பொறியைத் திருகிச் செலுத்தும் கை தளர்ந்தபின் மயிலுக்கு வானத்தில் என்ன வேலை? அது சுடுகாட்டிலே இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். ஒரு பெண்ணின் துயரம் ஓர் இயந்திரத்தினூடாகச் சென்று ஒரு குழந்தை பிறக்கும் இடத்தை நிச்சயிக்கிறது! மந்திர மயிலாயின் இது நிகழாது. அது தானே அறிந்து நல்லதோர் ஊரில் இறக்கியிருக்கும்.

மந்திரத்துக்கும் விலை வைத்தவர் சாத்தனார். வேற்றுரு எய்தும் மந்திரம் மணிமேகலைக்குக் கிடைக்கிறது. உதயகுமரனுக்கு அஞ்சிக் காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொள்கிறாள். தப்பினாள் என்று நாம் மூச்சுவிடும்பொழுது, காயசண்டிகையின் கணவன் வந்து, தன் மனைவியை அரசகுமாரன் தொடர்கிறான் என்று எண்ணி அவனை வாளால் வெட்டிவிடுகிறான். தன்னைக் காக்க எடுத்த உருவம் பிறன் ஒருவனைக் கொன்றது. அமுதசுரபியும் அப்படித்தான், கற்புடையாள் ஒருத்தி முதற்பிச்சை இடவேண்டும் என்ற நியதி அதற்கு உண்டு. ஆதிரையின் கதை அந்த நியதியினாலேயே நமக்குக் கிடைத்தது. சிலம்பின் தொடராக நின்று, கோவலன் இறந்தமையை ஒரு கணமும் மறவாமல், மாதவியின் துறவிலிருந்து தொடங்கும் மணிமேகலையைவிடச் சிறந்த இரண்டாம் பாகத்தை நான் இன்னும் காணவில்லை. இத்தனைக்கும் இரண்டையும் செய்தவர் இருவர்.

எங்கள் பாட்டி விக்கிரமாதித்தன் கதை சொல்லுவார். சிங்காசனத்திலே ஆயிரம் ஆண்டு இருக்க வரம். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று பட்டி செய்த உபாயத்தினால் அது இரண்டாயிரமாயிற்று. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, கணக்குத் தெரியும்.

இனி, நம் பட்டினத்திலேயே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆர்தர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து குடியேறினார். 2008 மார்ச்சில் கொழும்பிலே காலமாகிப் பொரளை மயானத்தில் அடக்கமானார். கறுவாத்தோட்டத்திலே அவர் வீடு. கொச்சிக்கடையிலே என் வீடு. அவர் வாழ்ந்த காலமெல்லாம் அவர் நூலொன்றையும் நான் தொட்டதில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன். இப்பொழுது தொட்டேன்.

1979இல் வெளிவந்த அவருடைய 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்னும் நாவல் நம் தீவைப் பற்றியது; அதிலே தீவின் பெயர் தப்ரபேன். சிவனொளிபாத மலையை ஒத்த மலையொன்றின் உச்சியிலிருந்து வானத்துக்கு ஒரு தூக்கி அமைக்கிறான் வன்னெவர் மோர்கன் என்னும் பொறியியலாளன். பூமியோடு ஒத்துச் சுழலும் கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றாலன்றி ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றாது. அதிலிருந்து இறங்கும் கம்பியும் நிலநடுக்கோட்டிலேதான் வந்து சேரும். இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? விதியை வளைக்கவில்லை, தீவை நகர்த்தினார். 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளினேன், மலையின் உயரத்தையும் இரட்டித்தேன் என்று நூலின் இறுதியிலே தாமே ஒப்புக்கொள்கிறார். இல்பொருளைப் புனையும் நேர்மை இதுதான் என்பேன்.

அதன் முடிவு என்னைத் திடுக்கிடச் செய்தது. மேலே சிக்கிக்கொண்டவர்களுக்கு உயிர்வாயு கொண்டு, கம்பிவழியே சிறிய ஊர்தியொன்றில் தனியே ஏறுகிறான் மோர்கன். அவன் இதயம் முன்னமே நோயுற்றது. அவர்களைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பி இறங்குகையில் அந்த இதயம் நின்றுவிடுகிறது. வானத்திலிருந்து இறங்கும் பொறி; உள்ளே சோர்ந்த ஓருயிர். நான் நூலை மூடிவிட்டு விசயையை நினைத்தேன்.

அதே கிளார்க் தொடர்நூல் எழுதும்பொழுது என்னோடு பகைத்துக்கொள்கிறார். '2001' என்ற நாவலிலே (1968) கப்பல் சனிக் கிரகத்துக்குச் செல்கிறது. '2010'இலே (1982) முன்பு வியாழனுக்குச் சென்றதாக வைத்துக் கதை தொடர்கிறது. திரைப்படத்திலே வியாழன் என்று இருந்தமையால் அதனைப் பின்பற்றினாராம். கோவலன் கொலையுண்டது வஞ்சியிலே என்று சாத்தனார் தொடங்கியிருந்தால் இளங்கோவடிகள் முகம் எப்படியிருந்திருக்கும்? ஒன்றன் நேரடித் தொடர்ச்சியன்று மற்றொன்று என்று அவர் முன்னுரையில் விளக்குவது நாணயம். ஆயினும் கதைக்கு அது மருந்தாகாது. நாலாவதாகிய '3001'இலே (1997), முதல் நூலில் விண்வெளியில் மாண்ட பிராங்க் பூல் ஆயிரம் ஆண்டு கழித்து உயிர்பெற்று எழுகிறான். அந்தச் சாவுக்காக முதலில் நான் பட்ட துன்பத்தை யாரிடத்திலே திருப்பிக் கேட்பது?

நம் சுஜாதாவையும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். 'என் இனிய இயந்திரா', அதன் தொடராகிய 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் ஒருசேரப் படித்தேன். கதை நிகழ்வதாக அவர் வைத்த 2021 வந்து போய்விட்டது, அது குற்றமன்று. ஜீனோ என்னும் இயந்திர நாயின் பேச்சு இன்றும் இனிக்கிறது. ஆனால் அவசரம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகனை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரம். நாயைத் தவிர மற்றையோர் நெஞ்சில் நிற்க நேரமில்லை.

ரீவின் நூலுக்கு மீள்கிறேன். இரண்டாம் பாகத்தின் இறுதியிலே டொம் என்னும் நல்ல இளைஞனை, பென்னிராயல் என்னும் புளுகன் மார்பிலே சுட்டுவிடுகிறான். டொம் பிழைத்துக்கொள்கிறான். கதைகளிலே இப்படிச் சுடப்பட்டுப் பிழைப்போர் தொகை பெரிது. அடுத்த அத்தியாயத்தில் அவர்கள் மலையேறுவார்கள். இவனும் அப்படித்தானா, அந்தக் காயத்தை ஆசிரியர் நினைவு வைத்திருக்கிறாரா என்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகம் கடையில் அகப்படவில்லை. அது யாரிடம் இருக்கும் என்பது தெரியும்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அம் மாணவரை அழைத்து, பறித்த நூலை நீட்டினேன்.

"தம்பி, நான் இதைப் படித்தேன். டொம்முக்கு அந்தக் காயம் பிறகு நோகுதா?"

அவர் என்னைச் சற்றே பார்த்தார். நாலு மாதத்துக்குப்பின் முதன்முறையாக வாய் திறந்தார்.

"சொல்லமாட்டன் ஐயா. நாளைக்கு இரண்டு பாகமும் கொண்டுவாறன்."

கொண்டுவந்தார். மூன்றாம் பாகத்திலே பிடிபடுதலும் தப்புதலும் அளவுக்கு மிஞ்சியவை. நூறு பக்கம் குறைத்திருக்கலாம். ஆனால் ஏறக்குறையப் பதினாறு ஆண்டு கழிந்து, ஒரு பெண்ணுக்குத் தந்தையாகி நிற்கும் டொம்முக்கு நெஞ்சு நோகிறது. நாலாம் பாகத்தில் அந்த நோயே அவனைக் கொல்கிறது. இரண்டாம் பாகத்தில் எறிந்த குண்டு நாலாம் பாகத்திலே போய்த் தைக்கிறது. முடிவைச் சொல்லிவிட்டேன், இனிமேற் படிக்க எண்ணியிருப்போர் பொறுக்க.

சென்ற மாதம் அதே வகுப்பிலே சிந்தாமணிக் கதையைச் சொன்னேன். மயிற்பொறி சுடுகாட்டில் இறங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. "விசயை மயங்காமல் இருந்திருந்தால் அவ எங்கே போய் இறங்கியிருப்பா, ஐயா? சீவகனை யார் வளர்த்திருப்பினம்?" என்று கேட்டார். இம்முறை 'போய் இரும்' என்று சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வாரும் என்றேன்.

மூன்று பக்கம் எழுதித் தந்திருக்கிறார். மேசையில் இருக்கிறது. முதற்பக்கத்திலேயே வல்லினம் மிகவேண்டிய இடங்களில் ஐந்து பிழை. இன்றிரவு திருத்தவேண்டும்.